எந்த ஆட்டுக் கறி என்று கேட்கக் கூடாது

1. படியேறி வந்தவள்

மாதம்மா அன்றைக்கு லிஃப்டில் வரவில்லை, படியேறி வந்தாள். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து சோதிக்கும் பிரிவை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கொண்டுபோய் வைத்த புத்திசாலி யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆய்வில் சேர்ந்த புதிதில் லிஃப்டுக்குள்ளேகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அன்று கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"பாத்தீங்களாக்கா! படியிலயே வந்துட்டனுங். சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கே நடந்து போயிட்டு வந்தவளுக்கு இதென்னுங் படி!"

மகன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்ட நடை அது. சித்தாள் வேலையில் கல்லும் மண்ணும் சுமந்து முழங்கால் போனபின், வருஷா வருஷம் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தள்ளிப்போட்டிருக்கிறாள். இந்த வருஷம் அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறிவிட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்த நான், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவளுடைய வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

"ஏம் மாதம்மா, கண்ணு எப்ப இருந்து இப்படி இருக்குது?"

"கண்ணுக்கென்னுங்? சொல்ப சுஸ்துங், அவ்வளவுதான். வெயில்ல நடந்தது."

கொஞ்சம் களைப்பு என்பதைத்தான் எங்கள் பக்கத்துக் கலப்புப் பாஷையில் அப்படிச் சொன்னாள். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ஈரல் கெடும்போது ரத்தத்தில் ஏறும் என்சைம்கள் சில உண்டு. அவை எல்லாமே வரம்பைத் தாண்டி எங்கோ நின்றன. அவளுடைய கேப்ஸ்யூல் பாட்டிலை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டேன். ஆய்வுக்குப் பொறுப்பான நாகேந்திர டாக்டரைக் கூப்பிட்டேன். கம்பெனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தகவல் போனது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம் என்று அன்று மாலை நினைத்துக்கொண்டேன்.

2. மாவும் மருந்தும்

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும்.

நான் ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், வேலையில் இங்கிலீஷ். மைசூரில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளராக, அதாவது கோஆர்டினேட்டராக, என்னை எடுத்ததற்குப் பெரிய காரணம் என் படிப்பு இல்லை, என் தமிழ்தான். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டடவேலைக் குடும்பங்கள் இருக்கும் காலனி ஒன்று உண்டு. ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள். அங்கே முழங்கால் நல்லபடியாக இருக்கும் பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மருந்து ஒரு மலைக்கொடியின் வேரிலிருந்து பிரித்தெடுத்த சத்து. கொடியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேரை அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பூசுவது வேறு, அதிலிருந்து ஒரே ஒரு சத்தை மட்டும் உருவியெடுத்துக் கேப்ஸ்யூலில் அடைத்து தினம் விழுங்குவது வேறு. "செடியிலிருந்து வந்ததுதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். ஊமத்தங்காயும் செடியில்தான் காய்க்கிறது.

பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடந்த சோதனை இது. அதில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு அடைத்த கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. இதைப் புரியும்படி சொல்லி, புரிந்ததா என்று திருப்பிக் கேட்டு, அப்புறம்தான் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். பல இடங்களில் இதை மந்திரம் ஓதுவதுபோல ஓதிவிட்டு விரல்ரேகை வாங்கிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. மாதம்மா, அவளுடைய ஓரகத்தி சரசா, அதே வரிசையில் குடியிருந்த இன்னும் இரண்டு பெண்கள் என்று நான்கு பேரும் ஒன்றாக வந்தார்கள். நால்வரையும் உட்காரவைத்து, தமிழில், நிதானமாக, எல்லாவற்றையும் சொன்னேன்.

மாதம்மாதான் கேள்வி கேட்டாள். "அப்ப எங்க நாலு பேருல யாருக்கு மாவுங்?"

"எனக்கே தெரியாது, மாதம்மா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"பின்ன யாருக்குத்தானுங் தெரியும்?"

"கம்ப்யூட்டர்தான் பிரிச்சிருக்குது. கடைசிலதான் பார்ப்பாங்க."

"ஒருத்திக்கு மருந்தாம், ஒருத்திக்கு மாவாம். இதென்ன நாயமுங்?" என்றாள். மற்ற மூவரும் சிரித்தார்கள். அப்படிப் பிரித்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும், இல்லாவிட்டால் எல்லாம் மனப்பிரமையா என்று சந்தேகம் வரும் என்று விளக்கினேன். நால்வரும் தலையாட்டினார்கள். நான் கேட்ட கேள்விகளுக்கு நால்வரும் சரியாகப் பதில் சொன்னார்கள். இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறை வரும்போதும் மிச்சமிருக்கும் கேப்ஸ்யூலை எண்ணிப் பார்ப்போம். ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று அதில் தெரியும். வாத்தியார், வக்கீல், பேங்க் மேனேஜர் என்று படித்தவர்களின் பாட்டிலெல்லாம் தப்பும் தவறுமாக வரும். இந்த நான்கு பேரின் பாட்டில் மட்டும் ஒன்று கூடாது, குறையாது. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

3. இரண்டு பக்கமும் சமம்

மாதம்மாவுக்கு மஞ்சள் கண்டபின் மற்ற மூவரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தோம். மூவருக்கும் ஈரல் கணக்கு ஏறியிருந்தது. கண் மஞ்சளாகும் அளவுக்கு இல்லை, ஆனால் ஏறியிருந்தது. காமாலை தரும் வைரஸ் எதுவும் நால்வரிடமும் இல்லை.

மருந்துதான் என்று நினைத்தேன். அப்போதுதான் சேஃப்டி கமிட்டியின் பதில் வந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்பதைப் பார்க்க அதிகாரமுள்ளவர்கள் அவர்கள் மட்டும்தான். பெயர் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னார்கள்: இந்த நால்வரும் இரண்டு குழுவிலும் சமமாக இருக்கிறார்கள், மாவு சாப்பிட்டவர்களுக்கும் ஈரல் கெட்டிருக்கிறது, ஆகவே காரணம் மருந்தாக இருக்க வாய்ப்பில்லை.

நாகேந்திர டாக்டர் கெட்டவர் இல்லை. அவசரக்காரரும் இல்லை. அவர் பேசியது கன்னடத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாரு தேவகி, மாவு தின்னவங்களுக்கும் ஏறியிருக்குன்னா அந்தக் காலனியிலதான் ஏதோ இருக்கு. தண்ணியா இருக்கலாம். ஏதாவது நாட்டு மருந்தா இருக்கலாம். மத்த ஊர்கள்ல இப்படிக் கூட்டமா வரலையே?"

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. பரீட்சையில் நான் அந்த விடையை எழுதியிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். காலனித் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தோம். மற்ற மூவரும் கேப்ஸ்யூலைத் தொடரலாம் என்று டாக்டர் உத்தரவு போட்டார். மருந்தால் வந்தது இல்லை என்று கமிட்டி சொல்கிறது என்பதை நால்வருக்கும் போன் போட்டுச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மாதம்மாவிடம் மட்டும், அவளுக்கு ரொம்ப ஏறியிருப்பதால், கேப்ஸ்யூலை எடுக்க வேண்டாம் என்றும், வார்டில் சேர்ந்துகொள் என்றும் சொன்னேன். யுகாதி முடிந்ததும் வருகிறேன் என்றாள். பேரப்பிள்ளைகள் வருகிறார்களாம்.

பாட்டிலை வாங்கியபின் எடுத்த முதல் ரத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த முறை மறுபடி ஏறியது. அதற்கடுத்த முறை அதற்கும் மேலே போனது.

"பாத்தியா? கேப்ஸ்யூலை நிறுத்தியும் ஏறுது. இதுக்கப்புறமும் மருந்து மேல சந்தேகப்பட்டா எப்படி?" என்றார் டாக்டர்.

ஒரு மருந்தின் மீது சந்தேகம் வந்தால் முதலில் அதை நிறுத்திப் பார்ப்பார்கள். நிறுத்தினால் குறைய வேண்டும். குறையாவிட்டால் மருந்து நிரபராதி. இது எங்கள் தொழிலின் பாலபாடம். மாவோடு ஒப்பிடுவது, நிறுத்திப் பார்ப்பது என்ற பாலபாடம் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாட்சி சொன்னபோது, வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாட முடியும்? ஆனாலும் மனம் கேட்கவில்லை. தண்ணீரோ, கள்ளச் சாராயமோ, பச்சிலையோ, எதுவாயிருந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

4. வருஷத் தொடக்கு

யுகாதிக்கு மறுநாளை மைசூர்ப் பக்கத்தில் வருஷத் தொடக்கு என்பார்கள். யுகாதியன்று இனிப்புச் சாப்பாடு, மறுநாள் கறி. அன்றைக்குக் கறிக்கடையில் வாங்கமாட்டார்கள். நாலைந்து வீடுகள் சேர்ந்து ஆடு பிடித்து, அறுத்து, கறியைக் கூறு கட்டிப் பிரித்துக்கொள்வார்கள். கன்னடத்தில் இதற்குக் குட்டெ பாடு என்று பெயர். தொடை, விலா, ஈரல், குடல், எலும்பு எல்லாவற்றையும் கலந்து, எந்தக் கூறிலும் எதுவும் கூடாமல் குறையாமல் வைப்பார்கள். ஈரல் சின்னதாக இருந்தாலும் எல்லாக் கூறுக்கும் ஒரு துண்டு உண்டு.

நான் போனபோது மாதம்மா வீட்டு வாசலில் புரச இலைகளைப் பரப்பி, அவள் புருஷன் கோவிந்தன் கூறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆடு பிடித்திருந்தார்கள். ஒன்று இளசு, ஒன்று முற்றல். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தன் கூறைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதுல பூரா கெழட்டு ஆட்டுக் கறிதான் இருக்குது" என்றான்.

கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, கூறு கட்டுனப்புறம் எந்த ஆட்டுக் கறின்னு கேக்கறவன் அடுத்த வருசம் கூறுக்கு வராதே. வழக்கம் தெரியாதா உனக்கு?"

பையன் தன் கூறை எடுத்துக்கொண்டு போனான். நான் உள்ளே போனேன்.

மாதம்மா சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தாள். முகமே மஞ்சளாகியிருந்தது. கால்களை நீட்டி, முழங்காலைத் தானே அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "வாங்க்கா, நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கீங்க, சாப்பிட்டுத்தான் போவோணும்" என்றாள். குரலில் சத்தே இல்லை.

அந்த நேரத்தில்தான் சரசா உள்ளே வந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. இன்னொரு கையில் எங்கள் பாட்டில். என்னைக் கவனிக்காமல், பாட்டிலைத் திறந்து, ஒரு கேப்ஸ்யூலை எடுத்து மாதம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாதம்மாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். சரசா பயந்துபோய்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"என்ன பண்ற சரசா? அவ சாப்பிடக் கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லல?"

"அவ பாட்டில நீங்க வாங்கிட்டுப் போயிட்டீங்களேங்க்கா" என்றாள் சரசா. "ரெண்டு வாரத்துலயே கால் திரும்பப் புடிச்சுக்கிச்சுங். கக்கூசுக்குப் போவ முடியாம அழுதாளுங். நீங்களும் மருந்தால ஒண்ணுமில்லன்னு போன்ல சொன்னீங்க. அதான் நாங்க மூணு பேரும் எங்க கூறுல இருந்து ஆளுக்கொரு நாள் குடுத்துட்டு வர்றோமுங்."

எங்கள் கூறு. அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

"கூறுன்னா?"

சரசா மாதம்மாவைப் பார்த்தாள். மாதம்மாதான் பதில் சொன்னாள், அதுவும் எனக்குப் பாடம் எடுப்பதுபோலப் பொறுமையாக. "நீங்கதானுங்க்கா மொத நாளே சொன்னீங்க. பாதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு. ஒருத்தி கால் நல்லாவோணும், ஒருத்தி மாவு தின்னுட்டு நோவோணுமா? நாலு பாட்டிலயும் முறத்துல கொட்டிக் கலந்து, எண்ணி, கூறு போட்டு, திரும்பப் பாட்டில்லயே போட்டுக்கிட்டோம். எண்ணிக்கை சரியா இருந்துச்சுங்களே?"

சரியாக இருந்தது. நான்தான் எண்ணினேன்.

அந்த வீட்டில் நின்றுகொண்டு ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கியது. மாவு சாப்பிட்ட குழு என்று ஒன்று அந்தக் காலனியில் இருக்கவே இல்லை. நால்வரும் மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நால்வருக்கும் ஈரல் கெட்டிருக்கிறது. மாதம்மாவுக்கு நிறுத்தியும் ஏறியது என்று நாங்கள் நினைத்தது தப்பு. நிறுத்தியபோது இறங்கியது, மறுபடி கொடுத்ததால் ஏறியது. எது மருந்து நிரபராதி என்பதற்குச் சாட்சியோ, அதுதான் மருந்துதான் குற்றவாளி என்பதற்கும் சாட்சி. கமிட்டியில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எதை வேண்டுமானாலும் யோசித்திருக்கலாம். நான்கு பெண்கள் நியாயமாக நடந்துகொள்வார்கள் என்பதை யாரும் யோசித்திருக்க முடியாது.

கோவிந்தனைக் கூப்பிட்டு ஆட்டோ கொண்டுவரச் சொன்னேன். மாதம்மா, "கறி சாப்பிட்டுட்டு வந்தர்றனுங்க்கா" என்றாள். நான் விடவில்லை. அவள் கூறு இலையோடு வாசலில் அப்படியே இருந்தது.

5. "அந்த நாலு பேரை எடுத்துடுங்க"

நாகேந்திர டாக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "நான்தானே அவங்களைத் தொடரலாம்னு சொன்னேன்" என்றார். ஆறுதல் சொல்லும் நிலையில் நானும் இல்லை.

மற்ற மூவரின் பாட்டில்களையும் அன்றே வாங்கிவிட்டோம். மறுநாள் காலை கம்பெனியின் மானிட்டர் சென்னையிலிருந்து போனில் வந்தார். ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சின்ன வயசு, நல்ல பேச்சு.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா இது கிளியரா புரோட்டோகால் வயலேஷன். நாலு பேரும் மாத்திரையை மிக்ஸ் பண்ணிட்டாங்க. அவங்க டேட்டாவை அனாலிசிஸ்ல வெச்சுக்க முடியாது. அந்த நாலு பேரை எடுத்துடுங்க, மத்த டேட்டா க்ளீனா இருக்கு."

"எடுத்துட்டா அந்த நாலு ஈரல்?"

"புரியல மேடம்."

"அவங்க பாதி டோஸ்தான் சாப்பிட்டிருக்காங்க தம்பி. கலந்ததால பாதி மாவு. பாதி மருந்துக்கே நாலு பேருக்கும் ஈரல் போயிருக்கு. மத்த ஊர்ல முழு டோஸ் சாப்பிடறவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல என்ன ஆகும்? அவங்க பேரையும் எடுத்துடுவீங்களா?"

"அந்தம்மா கீழாநெல்லி வேற குடிச்சிருக்காங்கன்னு ரிப்போர்ட்ல இருக்கே மேடம்..."

"காமாலை வந்தப்புறம் குடிச்சாங்க. வீட்டுல தீப்பிடிச்சப்புறம் தண்ணி ஊத்தினவங்களையா தீ வெச்சாங்கன்னு சொல்வீங்க?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். நாகேந்திர டாக்டர் போனை என் கையிலிருந்து வாங்கினார். அடுத்து அவர் பேசிய இங்கிலீஷ் மிகவும் மரியாதையாக இருந்தது. நால்வரையும் நீக்கமாட்டோம், நால்வருமே மருந்து சாப்பிட்டவர்கள் என்று எழுதித்தான் அனுப்புவோம், எத்திக்ஸ் கமிட்டிக்கும் அரசாங்கத்துக்கும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். அனுப்பவும் செய்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு.

மாதம்மா ஐ.சி.யூ.வில் இருந்தாள். ஈரல் ஒரு கட்டம்வரை தாங்கும். அதைத் தாண்டிவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. ஒருவர் உடம்பு தாங்கும், ஒருவர் உடம்பு தாங்காது. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்கு எங்களிடம் நீளமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

நினைவு தப்புவதற்கு முன்னால் ஒருநாள் அவளைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்களால உங்க வேலைக்கு ஏதாச்சும் தொந்தரவாயிப் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். "மலைக்கு ஏறிட்டனுங். அது போதும்" என்றாள். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை. வராந்தாவுக்கு வந்து அழுதேன். இந்த வேலையில் அழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்த மேலதிகாரிகள் பலர் உண்டு. அவர்கள் யாரும் வார்டுக்கு வந்ததில்லை.

அந்த வார இறுதியில் மாதம்மா போய்விட்டாள். எல்லா ஊர்களிலும் கேப்ஸ்யூலை நிறுத்த உத்தரவு வந்தது அதற்கு அப்புறம்தான். நிறுத்தியபின் மற்ற ஊர்களிலும் தேடிப் பார்த்தபோது, தனித்தனியாக ஈரல் கெட்டு, கூட்டமாக இல்லாததால் கண்ணில் படாமல் இருந்தவர்கள் கிடைத்தார்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். சரசாவுக்கும் மற்ற இருவருக்கும் மெதுவாக ஈரல் கணக்கு இறங்கியது. முழங்கால் மறுபடி பிடித்துக்கொண்டது.

6. கேட்காத கேள்வி

ஆய்வு முடிந்தால் யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்று பூட்டை உடைத்துப் பார்ப்பார்கள். சாப்பிட்டவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. சொல்லவேண்டியது என் பொறுப்பு. மாதம்மாவின் காரியமெல்லாம் முடிந்தபின் காலனிக்குப் போனேன்.

மூன்று பெண்களும் சரசா வீட்டில் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தாள் வேலைக்கு இப்போது யாரும் போவதில்லை. கோவிந்தன் உள்ளே படுத்திருந்தார். சரசா எனக்கு மோர் கொடுத்தாள். என்மீது கோபம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யார் பாட்டில்ல என்ன இருந்ததுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு" என்றேன். "உங்ககிட்டச் சொல்லோணும். அது உங்க உரிமை."

உருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் பலகையையே பார்த்தார்கள். மூவருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியிருக்கும். மருந்து இருந்த பாட்டில் தன்னுடையதாக இருந்தால், அதில் இருந்ததுதான் கூறாக மாதம்மாவுக்குப் போனதாக இருந்தால் என்ன செய்வது என்று.

சரசாதான் பேசினாள். "வேண்டாமுங்க்கா. சொல்லாதீங்க."

"தெரிஞ்சுக்கிறதுல தப்பில்ல, சரசா."

"தப்பில்லீங். ஆனா தெரிஞ்சா, எங்கள்ல ஒருத்தி நாளைலருந்து கோவிந்தமாமன் மூஞ்சியப் பாக்கமாட்டா. மத்தவ அவ மூஞ்சியப் பாக்கமாட்டா. நாங்க ஒரே வரிசைல குடியிருக்கோணும்." தண்ணீரைத் தொட்டுப் பத்தியை மறுபடி உருட்ட ஆரம்பித்தாள். "கூறு கட்டுனப்புறம் எந்த ஆட்டுக் கறின்னு கேக்கக் கூடாதுங்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். உள்ளேயிருந்து கோவிந்தன் இருமும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி மட்டும், நான் கிளம்பும்போது, "கால் வலி தாங்க முடியலீங்க்கா, வேற ஏதாச்சும் மருந்து சோதனைக்கு வந்தாச் சொல்லுங்" என்றாள்.

பிள்ளைகளே, இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லிப் புரியவைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முடியவில்லை. அந்த உண்மையை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய், தங்கள் வழக்கப்படி, தங்கள் நியாயப்படி ஏதோ செய்வார்கள். என்ன செய்வார்கள் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். இன்றைக்கும் நான் சம்மதம் வாங்கும்போது கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன். அது எந்தப் படிவத்திலும் இல்லை. "இதை வீட்டுல யார்கூடப் பங்கு போடுவீங்க?" என்பேன். பங்கு போடுவீங்களா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். யார்கூட என்று கேட்டால் உண்மை வரும். ஒரே வரிசையில் இரண்டு பேரைச் சேர்ப்பதையும் விட்டுவிட்டேன். நோய் தீர்க்கும் மருந்து வேண்டும் என்றால் யாராவது முதலில் விழுங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் விழுங்குகிறவர்கள் எப்போதும் முழங்கால் தேய்ந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதை எங்கள் ஆபீஸ் மலரில் கன்னடத்தில் எழுதித் தரக் கேட்டார்கள், முடியாது என்றேன். அந்த வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அம்மாக்களுக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள். தமிழ் எழுத்து அங்கே யாருக்கும் தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன், அவர்கள் கேட்காததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மாதம்மாவுக்கு வந்த பாட்டிலில் வெறும் மாவுதான் இருந்தது.